பன்னாட்டு வாகனப் பாதுகாப்பு விதிகளில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோமோலோகேஷன் (வாகன ஒப்புதல்) பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சோதனைக்கூடப் பொறியாளர்கள், அரசுத் தரப்பில் ஜெனீவா கோப்புகளைப் பார்க்க வேண்டியவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. விபத்துச் சோதனைக் காணொளிகளைப் பார்த்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அதிகம். உள்ளே வந்தபின் நேரத்தில் பெரும்பகுதி வாசகங்களோடும் தேதிகளோடும்தான் கழியும்.

இந்த விதிகள் எங்கே எழுதப்படுகின்றன?

ஜெனீவாவில், ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் இயங்கும் வாகன விதிகள் ஒத்திசைவுக்கான உலக மன்றத்தில். துறையில் யாரும் அந்த நீளப் பெயரைச் சொல்வதில்லை, டபிள்யூ.பி.29 என்பார்கள். 1952-ல் வாகனக் கட்டமைப்புக்கான பணிக்குழுவாகத் தொடங்கியது, 2000-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. மார்ச், ஜூன், நவம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது.

உண்மையான தொழில்நுட்ப வேலை நடப்பது அதன் கீழுள்ள ஆறு குழுக்களில். விளக்குகளுக்கு ஜி.ஆர்.இ., சீட் பெல்ட், மோதல், குழந்தை இருக்கை போன்றவற்றுக்கு ஜி.ஆர்.எஸ்.பி., பேருந்துக் கட்டமைப்பு, கண்ணாடி, பார்வைப் பரப்பு ஆகியவற்றுக்கு ஜி.ஆர்.எஸ்.ஜி., சத்தமும் டயரும் ஜி.ஆர்.பி.பி., புகையும் ஆற்றலும் ஜி.ஆர்.பி.இ. ஆறாவது ஜி.ஆர்.வி.ஏ. பிரேக், ஸ்டியரிங் பார்த்துவந்த பழைய ஜி.ஆர்.ஆர்.எஃப். குழுவே 2018-ல் தானியங்கி வாகனங்களையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பெயருக்கு மாறியது. இன்று கூட்டம் நிரம்பி வழிவது இங்கேதான்.

1958 ஒப்பந்தம், 1998 ஒப்பந்தம் என்கிறார்களே, இரண்டும் என்ன?

1958 ஒப்பந்தத்தின் அடிப்படை பரஸ்பர அங்கீகாரம். ஒரு நாட்டின் ஒப்புதல் அதிகாரம் ஒரு சீட் பெல்ட்டுக்கு ஐ.நா. ஒழுங்குவிதி 16-இன்படி ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதே விதியை ஏற்றுள்ள மற்ற நாடுகள் மறுபடி சோதிக்காமல் ஏற்க வேண்டும். இந்த விதிகளைப் பேச்சில் ஆர்16, ஆர்94 என்றே சொல்வார்கள். ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, மலேசியா எல்லாம் இதில் உண்டு; பெயரில் ஐரோப்பா இருப்பதால் ஐரோப்பியச் சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது.

1998 ஒப்பந்தத்தில் உருவாகுபவை உலகத் தொழில்நுட்ப விதிகள், அதாவது ஜி.டி.ஆர். அவற்றில் ஒப்புதல் முறையும் கிடையாது, முத்திரையும் கிடையாது. எப்படிச் சோதிப்பது, எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே இருக்கும். ஆதரித்து ஓட்டுப் போட்ட நாடு அதைத் தன் உள்நாட்டுச் சட்ட நடைமுறைக்குள் கொண்டுசெல்லத் தொடங்க வேண்டும்; ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவுப் பூட்டுக்கான ஜி.டி.ஆர். 1 (2004), மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கான ஜி.டி.ஆர். 3 (2006), பாதசாரிப் பாதுகாப்புக்கான ஜி.டி.ஆர். 9 (2008), மின் வாகனப் பாதுகாப்புக்கான ஜி.டி.ஆர். 20 (2018) ஆகியவை அடிக்கடி கைக்கு வருபவை.

மூன்றாவதாக 1997-ல் வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தமும் உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் காலமுறைத் தகுதிச் சோதனை பற்றியது.

அமெரிக்கா ஏன் 1958-ல் இல்லை?

அங்கே முன்கூட்டிய ஒப்புதல் என்ற முறையே இல்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் வண்டி எஃப்.எம்.வி.எஸ்.எஸ். எனும் அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களுக்குப் பொருந்துகிறது என்று உற்பத்தியாளரே சான்றளித்து விற்கிறார். என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு நிர்வாகம் பிறகு சந்தையிலிருந்து வண்டியை வாங்கிச் சோதிக்கும், தவறினால் ரீகால். விற்கும் முன் அரசின் கையெழுத்து வேண்டும் என்ற ஏற்பாட்டை இதன்மேல் ஒட்டவைக்க முடியாது. அந்தக் காரணத்தால்தான் 1998 ஒப்பந்தமே தேவைப்பட்டது.

முறை மட்டுமல்ல, உள்ளடக்கமும் வேறு. அமெரிக்காவின் தரம் 208-இல் பெல்ட் போடாத டம்மியை (மனித உருவச் சோதனைப் பொம்மை) வைத்து மணிக்கு 32 முதல் 40 கி.மீ. வரை சுவரில் மோதும் சோதனை உண்டு. ஐ.நா. விதிகளின் மோதல் சோதனைகளில் டம்மி பெல்ட் போட்டிருக்கும். ஏர்பேக்கின் வேகத்தையும் பருமனையும் வடிவமைப்பவருக்கு இது சின்ன வித்தியாசமே அல்ல. பின்பக்கத் திரும்பல் விளக்கு அங்கே சிவப்பாகவும் இருக்கலாம், ஐ.நா. விதியில் மஞ்சள்தான். ஒரே காரை இரண்டு சந்தைக்கும் அப்படியே அனுப்ப முடியாததற்கு இப்படிச் சில்லறையாகப் பல காரணங்கள்.

இந்தியா எதில் இருக்கிறது? சென்னையில் செய்த டயரில் இ மார்க் எப்படி வருகிறது?

இந்தியா 2006-ல் 1998 ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1958-ல் இல்லை. ஆகவே எந்த இந்திய அமைப்பும் தன் பெயரில் இ மார்க், அதாவது 1958 ஒப்பந்தத்தின் ஒப்புதல் முத்திரை, கொடுக்க முடியாது. ஆனால் உற்பத்தியாளர் உறுப்பு நாட்டில்தான் இருக்க வேண்டும் என்று 1958 ஒப்பந்தம் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டயர் ஆலை நெதர்லாந்து, லக்சம்பர்க் அல்லது வேறு எந்த உறுப்பு நாட்டின் அதிகாரத்திடமும் விண்ணப்பிக்கலாம். அந்த அதிகாரம் நியமித்த தொழில்நுட்பச் சேவை நிறுவனம் ஆலைக்கோ இந்தியச் சோதனைக்கூடத்துக்கோ வந்து, சோதனையை நேரில் பார்த்து அறிக்கை எழுதும்.

உள்நாட்டில் பாதை வேறு. ஏ.ஐ.எஸ். எனும் இந்திய வாகனத் தொழில் தரத்தின் வரைவு வாகனத் தொழில் தரக் குழுவில் தயாராகி, மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கான தொழில்நுட்ப நிலைக்குழு வழியாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் போய், ஜி.எஸ்.ஆர். எனும் அரசிதழ் அறிவிக்கையாக வரும். விதி 126-இன் கீழ் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட், ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை அமைப்புகள் வண்டியைச் சோதித்துச் சான்று தரும். உள்ளடக்கம் பெரும்பாலும் ஐ.நா. விதியை ஒட்டியதே: முன்பக்க மோதலுக்கான ஏ.ஐ.எஸ். 098-க்கு மூலம் ஆர்94, பக்கவாட்டு மோதலுக்கான ஏ.ஐ.எஸ். 099-க்கு ஆர்95. இவ்விரண்டும் புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலிருந்தும் கட்டாயமாயின.

ஒட்டியது என்பதை ஒன்றே என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. ஐ.நா. விதி திருத்தப்பட்டால் ஏ.ஐ.எஸ். தானாகத் திருந்தாது. எந்தத் திருத்த வரிசையை வைத்து ஏ.ஐ.எஸ். எழுதப்பட்டது என்று பார்க்காமல், கையிலுள்ள ஐரோப்பியச் சோதனை அறிக்கையை அப்படியே இந்திய ஒப்புதலுக்குக் கொடுத்தால் திரும்பி வரும்.

ஒரு திருத்தம் அமலுக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?

எல்லாரும் ஒத்துக்கொண்ட, சண்டையில்லாத திருத்தமே ஒன்றரை ஆண்டை நெருங்கும். ஜி.ஆர்.எஸ்.பி.யை எடுத்துக்கொள்வோம், அது மே மாதமும் டிசம்பர் மாதமும் கூடும். டிசம்பர் கூட்டத்தில் உங்கள் முன்மொழிவு அதிகாரபூர்வ ஆவணமாக வர வேண்டுமானால் 12 வாரம் முன்னதாக, அதாவது செப்டம்பரில், செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்றிலும் அது வெளியாக வேண்டும் என்பதால் இந்த அவகாசம். டிசம்பரில் குழு ஏற்றுக்கொண்டால் அடுத்த ஜூன் டபிள்யூ.பி.29-இல் ஓட்டு. பிறகு ஐ.நா. தலைமைச் செயலர் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் அறிவிக்கிறார். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாடுகள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அமல். காலண்டரில் ஜனவரி ஆகிவிடும். முதல் செப்டம்பரிலிருந்து எண்ணினால் 16 மாதம்.

12 வாரக் கெடுவைத் தவறவிட்டால் முறைசாரா ஆவணமாகக் கொடுக்கலாம், அது மொழிபெயர்க்கப்படாது. குழு விரும்பினால் அதையும் விவாதித்துத் திருத்தி, கூட்ட அறிக்கையின் இணைப்பாகச் சேர்த்து ஏற்கலாம். ஆனால் "எங்கள் தலைநகரில் இதைப் படிக்க அவகாசம் இல்லை" என்று ஒரு நாடு சொன்னால் போதும், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும். அப்படிச் சொல்வது நியாயமும்கூட.

கருத்து வேறுபாடு உள்ள விஷயங்களுக்கு முறைசாரா பணிக்குழு அமைப்பார்கள். அதன் பணி வரையறையும் காலக்கெடுவும் டபிள்யூ.பி.29 ஒப்புதலோடு வரும். காலக்கெடு நீட்டிக்கப்படாமல் முடிந்த குழு அபூர்வம்.

ஓட்டெடுப்பு எப்படி?

1958-இல்: பாதி உறுப்பினர்களாவது பங்கேற்க வேண்டும், வந்து ஓட்டளிப்பவர்களில் ஐந்தில் நான்கு பங்கு ஆதரிக்க வேண்டும். 2017 செப்டம்பரில் அமலான மூன்றாம் திருத்தத்துக்கு முன் இது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளின் ஓட்டுகளை மொத்தமாகப் போடும். அதற்கு ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் அவர்களுடைய கவுன்சில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வழக்கில் அதை 'மெகா டிசிஷன்' என்பார்கள். ஒரு திருத்தத்தில் கடைசி நேரத்தில் ஒரு எண்ணை மாற்ற முயன்றால் ஐரோப்பிய ஆணையப் பிரதிநிதி முகம் சுளிப்பது இதனால்தான். அவர் கையில் உள்ள அதிகாரம் பழைய வாசகத்துக்கானது.

1998-இல் ஒருமித்த முடிவு. ஒரே ஒரு நாடு எதிர்த்தாலும் விழுந்துவிடும்.

சப்ளிமெண்ட், திருத்த வரிசை: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த வேலையில் காசைக் காப்பாற்றுவதும் கரைப்பதும் இந்த இடம்தான்.

சப்ளிமெண்ட் என்பது தேவைகளைக் கடுமையாக்காத திருத்தம். விளக்கம், மாற்றுச் சோதனை முறை, புதிய தொழில்நுட்பத்துக்கு வழிவிடுதல் போன்றவை. அமலான நாளிலிருந்து புதிய ஒப்புதல்களுக்குப் பொருந்தும். பழைய ஒப்புதல் செல்லும். திருத்த வரிசை என்பது 01, 02, 03 என்று எண் ஏறுவது. தேவை கடுமையாகிறது என்று பொருள். பழைய வரிசையில் வாங்கிய ஒப்புதலை மற்ற நாடுகள் எந்தத் தேதிவரை ஏற்றாக வேண்டும் என்று இடைக்கால விதிகள் சொல்லும்.

அந்த இடைக்கால விதிகளைப் படிக்கும்போது மூன்று தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, புதிய வரிசை அமலாகும் நாள்: அன்றுமுதல் புதிய வரிசைப்படி வாங்கிய ஒப்புதலை யாரும் மறுக்க முடியாது. இரண்டு, பழைய வரிசையில் அந்நாளுக்குப் பிறகு முதன்முறையாக ஒப்புதல் பெறும் வகைகளை ஏற்கும் கடமை முடியும் நாள். மூன்று, இரண்டாம் நாளுக்கு முன்பே ஒப்புதல் பெற்றிருந்த வகைகளையும் ஏற்கும் கடமை முடியும் நாள். சில விதிகளில் மூன்றாவது இருக்காது.

கடமை முடிந்தது என்றால் தடை வந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. ஒரு நாடு விரும்பினால் பழைய வரிசையை அதன்பிறகும் ஏற்கலாம். தாய்லாந்து எந்த வரிசையைக் கேட்கிறது, ஆஸ்திரேலியா எதை ஏற்கிறது என்று ஒவ்வொரு சந்தையின் உள்நாட்டுச் சட்டத்தையும் தனியே பார்த்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ தன் பொதுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் தனித் தேதிகளை வைத்திருக்கிறது; 'புதிய வகை' ஒரு தேதி, 'புதிதாகப் பதிவாகும் எல்லா வண்டியும்' இன்னொரு தேதி. முதல் தேதியை மட்டும் அட்டவணையில் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்தால், ஏற்றுமதிக் கிடங்கில் பதிவு செய்ய முடியாத வண்டிகள் நிற்கும்.

விதி வாசகம் எழுதுவதில் எது கடினம்?

எழுதியதை ஒரு சோதனைக்கூடம் அளக்க முடிய வேண்டும். 'ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்' என்று எழுதினால் ஐந்து நாட்டில் ஐந்து தீர்ப்பு வரும். எந்தக் கண் நிலையிலிருந்து, எந்த வெளிச்சத்தில், எத்தனை நொடிக்குள் என்று வர வேண்டும்.

ஆர்94-ஐப் பாருங்கள். வேகம் 56 கி.மீ., குறையக் கூடாது, 1 கி.மீ. வரை கூடலாம். மோதும் தடுப்பு, வண்டியின் அகலத்தில் 40 சதவீதத்தை மறைக்க வேண்டும், 20 மி.மீ. அங்கே இங்கே இருக்கலாம். எரிபொருள் தொட்டியில் முழு அளவு எரிபொருளின் எடையில் 90 சதவீதத்துக்குத் தண்ணீர். டம்மி இருக்கும் இடத்தின் வெப்பநிலை 19-லிருந்து 22 டிகிரிக்குள். ஒவ்வொன்றும் ஒரு சர்ச்சையை முடித்துவைக்கிற எண். வெப்பநிலையை எடுத்துக்கொண்டால், டம்மியின் விலா எலும்புகளில் உள்ள தணிப்புப் பொருள் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். மார்பு அமுக்கத்தின் அளவு அதற்கேற்ப மாறும். ஒரகடத்து மே மாத வெயிலில் வண்டியைக் கூடத்துக்கு வெளியே தயார் நிலையில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே தள்ளிச் சோதிக்க முடியாது.

இன்னொரு பொறி, தீர்வையே விதியாக எழுதுவது. 'மூன்று இழைக் கம்பி பொருத்த வேண்டும்' என்றால் நாளை வரும் நல்ல வடிவமைப்புக்கு வழி அடைபடும். சாதிக்க வேண்டியது என்ன என்று எழுதுவது நல்லது. ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் மந்திரமாகச் சொல்வதும் சரியில்லை. விளக்கின் நிறம், பெடல்களின் வரிசை போன்றவற்றில் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருப்பதுதான் பாதுகாப்பு. அங்கே வடிவமைப்பையே கட்டாயமாக்கியாக வேண்டும்.

என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

அரசில்: ஒப்புதல் அதிகாரம், போக்குவரத்து அமைச்சகம், அவற்றுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை தரும் சோதனை அமைப்புகள். தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களில் சோதனையாளர், தணிக்கையாளர். வாகன, உதிரிபாக நிறுவனங்களில் இரண்டு வகை: ஒப்புதல் வாங்கித் தரும் ஹோமோலோகேஷன் பொறியாளர், வரப்போகும் விதியைக் கண்காணித்து வடிவமைப்புக் குழுவுக்கு முன்கூட்டிச் சொல்லும் ஒழுங்குமுறைப் பொறியாளர். இரண்டாமவர் சரியாக வேலை செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. தொழில்துறைச் சங்கங்களிலும் இடமுண்டு: கார் உற்பத்தியாளர்களுக்கு ஓ.ஐ.சி.ஏ., மோட்டார் சைக்கிளுக்கு ஐ.எம்.எம்.ஏ., உதிரிபாகங்களுக்கு ஐரோப்பாவின் கிளெப்பா.

ஒரு ஒப்புதல் கையில் எப்படி நகர்கிறது?

சீட் பெல்ட் பொருத்துபுள்ளிக்கான ஆர்14-ஐ வைத்துச் சொல்கிறோம். முதலில் 'வாகன வகை' என்பதன் வரையறையைப் படிக்க வேண்டும். பொருத்துபுள்ளிகளின் வலிமையைப் பாதிக்கும் அளவுகள், வடிவம், பொருள் எதெல்லாம் மாறினால் வேறு வகை ஆகும் என்று அங்கே இருக்கும். அதை வைத்து உங்கள் மாடலின் எத்தனை வடிவங்களை ஒரே ஒப்புதலுக்குள் அடக்கலாம் என்று தீர்மானிக்கிறீர்கள். சன்ரூஃப் உள்ளது, இல்லாதது, மின் இருக்கை, கையால் நகர்த்தும் இருக்கை என்று வரிசை நீளும். அவற்றில் எது மிக மோசமான நிலை என்பதைச் சேவை நிறுவனத்தோடு எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு போதாது. சோதனை நாளன்று வேறு பொறியாளர் வருவார்.

பிறகு தகவல் ஆவணம், வரைபடங்கள். அடுத்து சோதனை: எம்1 வகைக் காரின் மூன்றுபுள்ளிப் பெல்ட் என்றால் தோள்பட்டைப் பகுதியிலும் இடுப்புப் பகுதியிலும் ஒரே நேரத்தில் தலா 1350 டெக்காநியூட்டன் இழுவிசை, குறைந்தது 0.2 நொடி தாங்க வேண்டும். இருக்கையிலேயே பொருத்துபுள்ளி இருந்தால் இருக்கையின் எடைக்கேற்ற விசையும் சேரும். அறிக்கை ஒப்புதல் அதிகாரத்துக்குப் போகும், முதல் இணைப்பில் உள்ள தகவல் படிவத்தோடு எண் வரும்.

ஆனால் முதல் விண்ணப்பமாக இருந்தால் இதற்கெல்லாம் முன்பே ஆலையின் ஆரம்ப மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். உற்பத்தி ஒத்திசைவை, அதாவது சி.ஓ.பி.யைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் உண்டா என்று அதிகாரம் பார்க்கும். ஐ.எஸ்.ஓ. 9001 அல்லது ஐ.ஏ.டி.எஃப். 16949 தர மேலாண்மைச் சான்று இருந்தால் வேலை குறையும், ஒழியாது. சான்றில் உள்ள ஆலை முகவரியும் விண்ணப்பத்தில் உள்ள முகவரியும் ஒன்றாக இல்லாமல் வாரக்கணக்கில் நிற்கும் கோப்புகள் ஏராளம்.

சோதனையில் தோற்பதைவிட அதிகம் தவறுவது எங்கே?

ஆவணத்தில். வரைபடத்தின் திருத்த எண் ஒன்று, சோதித்த பாகத்தில் பொறித்திருப்பது வேறொன்று. முன்மாதிரி அச்சில் செய்த பாகத்தைச் சோதித்துவிட்டு உற்பத்தி அச்சில் வெல்டு எண்ணிக்கையைக் குறைப்பது. கொள்முதல் பிரிவு மலிவான சப்ளையருக்கு மாறிவிட்டு ஹோமோலோகேஷனுக்குச் சொல்லாமல் இருப்பது. மூன்றாவதுதான் மிகவும் ஆபத்து, ஏனெனில் ஒப்புதல் எண் காகிதத்தில் அப்படியே இருக்கும், பாகம் மாறியிருக்கும். பொறியியல் மாற்ற அறிவிப்புப் படிவத்தில் 'ஒப்புதலைப் பாதிக்குமா' என்ற கட்டத்தை வைத்து, அதில் உங்கள் கையெழுத்து இல்லாமல் மாற்றம் போகாதபடி செய்வதே மருந்து.

மாற்றம் சிறியதென்றால் அதிகாரம் பழைய அறிக்கை போதும் என்று சொல்லலாம், அல்லது ஒப்புதலை நீட்டிக்கும்.

ஒப்புதல் எண்ணை எப்படிப் படிப்பது?

வட்டத்துக்குள் இ எழுத்தும் நாட்டின் எண்ணும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 13 லக்சம்பர்க், 43 ஜப்பான், 52 மலேசியா. இது ஒப்புதல் கொடுத்த நாடு. பாகம் தயாரான நாடு அல்ல. முழு எண் நட்சத்திரக் குறிகளால் பிரிந்த நான்கு பகுதிகள்: நாடு, விதி எண்ணோடு திருத்த வரிசையும் சப்ளிமெண்டும், நான்கு இலக்க வரிசை எண், இரண்டு இலக்க நீட்டிப்பு எண். கடைசி இரண்டு இலக்கம் 00 என்றால் இன்னும் நீட்டிக்கப்படவில்லை. வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் இரண்டாம் பகுதியைத்தான், திருத்த வரிசை அங்கே தெரியும் என்பதால்.

சாஃப்ட்வேர் வந்தபின் என்ன மாறியது?

ஒப்புதல் பார்க்கும் பொருளே மாறியது. இணையப் பாதுகாப்புக்கான ஆர்155, மென்பொருள் புதுப்பிப்புக்கான ஆர்156, தானியங்கித் தடம் காக்கும் அமைப்புக்கான ஆர்157 மூன்றும் 2020 ஜூனில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் அமலாயின. ஆர்157 முதலில் மணிக்கு 60 கி.மீ. வரை மட்டும், 2022 திருத்தம் அதை 130 வரை உயர்த்தியது.

ஆர்155-இல் முதலில் நிறுவனத்தின் மேலாண்மை முறைக்குத் தணிக்கை. அதற்கான சான்று அதிகபட்சம் மூன்று ஆண்டு செல்லும். அது இல்லாமல் வண்டி வகைக்கு ஒப்புதல் கிடையாது. பிறகு அந்த வகைக்கான அபாய மதிப்பீடு. ஐந்தாம் இணைப்பில் உள்ள அச்சுறுத்தல் பட்டியலைப் பார்த்தீர்களா, உதிரிபாக சப்ளையர்களிடம் இருக்கும் அபாயத்தை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று கேட்பார்கள். இடிபடச் சுவரும் இல்லை, டம்மியும் இல்லை. ஆதாரம் முழுக்க நடைமுறை ஆவணங்கள். பழைய மின்னணுக் கட்டமைப்பு உள்ள வண்டிகளை இதற்குள் கொண்டுவருவது செலவு பிடித்த வேலை. 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய வண்டிக்கும் இது கட்டாயமானபோது, போர்ஷே தன் பெட்ரோல் மகானையும் 718 வரிசையையும் அங்கே விற்பனையிலிருந்து எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

மோதல் சோதனையில் பழகியவர்களுக்கு இந்த மாற்றம் பிடிப்பதில்லை. தணிக்கையாளருக்குத் தணிக்கையாளர் கடுமை வேறுபடுகிறது என்ற குறையில் உண்மையும் உண்டு. விளக்க ஆவணம் போட்டும் அது முழுதாகத் தீரவில்லை.

பாரத் என்.சி.ஏ.பி. நட்சத்திரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. விதி என்பது விற்பனைக்கான குறைந்தபட்சத் தகுதி: தேர்ச்சி அல்லது தோல்வி. நட்சத்திரம் வாங்குபவருக்கான ஒப்பீடு. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி., கார்களின் மோதல் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் தன்னார்வத் திட்டம், ஏ.ஐ.எஸ். 197 அதன் நடைமுறை. முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில், ஏ.ஐ.எஸ். 098-இல் 56.

என்ன படிக்க வேண்டும்?

இயந்திரவியல், வாகனவியல், மின்னணுவியல் ஏதேனும் ஒரு பொறியியல் பட்டம். ஹோமோலோகேஷனுக்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர் வாசகத்தைப் படிக்கும் விதமே வேறு. அளவீட்டுப் பதிவு எப்படிக் கெடும் என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'வேண்டும்' என்பதற்கும் 'செய்யலாம்' என்பதற்கும் இடையிலான சட்டபூர்வ எடை பிடிபட வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேலை நிற்காது.

பயிற்சிக்குக் காசு செலவில்லை. எல்லா விதிகளும் வரைவுகளும் ஐ.நா. ஐரோப்பிய ஆணையத் தளத்தில் இலவசம். முறைசாரா பணிக்குழுக்களின் கூட்டக் குறிப்புகளும் அங்கேயே விக்கிப் பக்கங்களில் கிடைக்கும். ஒரே ஒரு விதியை எடுத்து, அதன் கடைசி நான்கு திருத்தங்கள் எந்த நாட்டு முன்மொழிவில் தொடங்கி எப்படி உருமாறின என்று ஆவணம் ஆவணமாகப் பின்தொடருங்கள். முன்மொழிவுகளில் புதிதாகச் சேர்ப்பது தடித்த எழுத்தில், நீக்குவது குறுக்குக் கோட்டில் இருக்கும். கடைசியில் உள்ள நியாயப்படுத்தல் பகுதியை முதலில் படிப்பது நல்லது.

ஐ.நா. செயலகத்திலேயே வேலை கிடைக்குமா?

இந்தப் பிரிவு சிறியது, காலியிடம் அரிது. இன்டர்ன்ஷிப் உண்டு, ஊதியம் கிடையாது, ஜெனீவா வாடகை உங்கள் பாடு. இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு வயது வரம்பு 32, அந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் நாடும் இருக்க வேண்டும். செயலகம் விதிகளை முடிவு செய்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆவணம், நடைமுறை, சட்ட ஒழுங்கு ஆகியவற்றைக் காப்பதே அதன் வேலை. வாசகத்தின் போக்கை மாற்ற விரும்புகிறவர் நாட்டுப் பிரதிநிதியாகவோ சங்கத்தின் நிபுணராகவோ போவதே மேல்.

முதல்முறை கூட்டத்துக்குப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தனி நிறுவனத்தின் பெயரில் உட்கார முடியாது. நாட்டுக் குழுவிலோ, ஓ.ஐ.சி.ஏ., ஐ.எம்.எம்.ஏ. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிலோ பெயர் இருக்க வேண்டும். இணையப் பதிவை முன்பே முடித்து, பாஸ்போர்ட்டோடு ஐ.நா. வளாகத்தின் ப்ரென்யி வாயிலில் அடையாள அட்டை வாங்குங்கள்; அமர்வு தொடங்கும் நாளின் காலை அங்கே வரிசை நீளும், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. விசாவுக்கான அழைப்புக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள்.

பேச விரும்பினால் நாட்டின் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று மொழியில் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எண்களையும் பத்தி எண்களையும் மெதுவாகச் சொல்லுங்கள், முடிந்தால் உரையை முன்பே கொடுத்துவிடுங்கள். "இந்த முன்மொழிவை வரவேற்கிறோம், ஆயினும் ஆய்வு செய்ய அவகாசம் வேண்டும்" என்றால் எதிர்ப்பு என்று புரிந்துகொள்ள வேண்டும். "ஆய்வுக்காக நிறுத்திவைக்கிறோம்" என்றால் தலைநகரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

சிக்கலான வாசகம் கூடத்தில் தீராது. காப்பி இடைவேளையில் நாலு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நின்று ஒரு வாக்கியத்தைச் சரிசெய்வார்கள், திரும்பி வந்ததும் அது திரையில் போடப்படும். எதிர்க்கும் நாட்டின் நிபுணரிடம் அந்த இடைவேளைக்கு முன்பே, முடிந்தால் முந்தைய வாரமே மின்னஞ்சலில், உங்கள் சோதனைத் தரவைக் கொடுத்திருங்கள். கூட்டத்தின் கடைசி நாள் அறிக்கையை வரி வரியாக வாசித்து ஏற்பார்கள். விமானத்தைப் பிடிக்க அதற்கு முன்பே கிளம்பிவிடாதீர்கள்; நீங்கள் சொன்னது 'ஆதரித்தது' என்று பதிவாகிறதா, 'குறித்துக்கொண்டது' என்று பதிவாகிறதா என்பதை அப்போதுதான் திருத்த முடியும்.